பெட்டியின் மேலிருக்கும் பெயரும் உள்ளிருக்கும் பொறியும்

மதுரையிலிருந்து திருச்சி செல்லும் நான்குவழிச் சாலையில், மேலூரைக் கடந்து வரும் கொட்டாம்பட்டி போன்ற ஊர்களில், கணினி வாங்க முனையும் குடும்பங்களிடையே ஒரு கருத்து ஏறத்தாழ எதிர்ப்பின்றி நிலவுகிறது. நகரத்தில் இருப்பவர்கள் வேண்டுமானால் உறுப்புகளைத் தனித்தனியாக வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம். சர்வீஸ் சென்டரும் பெரிய கடையும் கைக்கெட்டும் தொலைவில் இல்லாத ஊரார், ஒரே நிறுவனத்தின் பெயரைத் தாங்கி, உறை பிரிக்காமல் வரும் முழுக் கணினியைத்தான் வாங்க வேண்டும் என்பதே அக்கருத்து. கடைவழக்கில் முன்னதை ‘அசெம்பிள்டு’ என்றும் பின்னதை ‘பிராண்டட்’ என்றும் அழைப்பர். அசெம்பிள்டு என்னும் சொல்லை உச்சரிக்கும்போதே குரலில் ஓர் ஐயம் ஒட்டிக்கொள்வதும், பிராண்டட் என்னும்போது அந்த ஐயம் அகன்றுவிடுவதும் இக்கருத்து எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பதற்குச் சான்று. பொதுப் பயன்பாட்டுக்கு, அதாவது கடிதம் தட்டச்சு செய்யவும் கணக்கு எழுதவும் மட்டும் வாங்கும் கணினிக்கு, இக்கருத்தால் பெரிய தீங்கு நேர்வதில்லை. ஆனால் சிமுலேஷன் விளையாட்டுகளுக்காக வாங்கப்படும் கணினியைப் பொறுத்தவரை இது தவறானது. கொட்டாம்பட்டி போன்ற ஊரில் இருப்பவருக்கோ இது தலைகீழானது என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இங்குப் பயன்படும் இரு சொற்களின் பொருளை முதலில் வரையறுத்துக்கொள்வது நல்லது. சிமுலேஷன் விளையாட்டு என்பது உண்மை உலகின் ஓர் இயக்கத்தை, அது கட்டுப்பட்டிருக்கும் விதிகளோடு சேர்த்துக் கணித்துத் திரையில் நிகழ்த்துவது: விமானம் ஓட்டும் எக்ஸ்-பிளேன், மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர், சரக்குந்து ஓட்டும் யூரோ டிரக் சிமுலேட்டர் 2, கார்ப் பந்தயத்துக்கான ஐரேஸிங், நகரத்தைக் கட்டி நிருவகிக்கும் சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. சுயமாகக் கட்டிய கணினி என்பதற்கு, திருப்புளியைக் கையில் எடுத்துத் தானே முடுக்கியது என்று மட்டும் பொருள் கொள்வது குறுகிய பார்வையாகும். ஒவ்வோர் உறுப்பையும் அதன் சொந்தப் பெயராலும் மாதிரி எண்ணாலும் அறிந்து தேர்ந்து, பொதுத் தரத்துக்கு உட்பட்ட பெட்டியில் சேர்ப்பித்த கணினி எதுவும், அதை முடுக்கியது மதுரைக் கடைக்காரரின் கையாகவே இருந்தாலும், சுயமாகக் கட்டியதே. முடுக்கிய கை யாருடையது என்பதைவிட, தேர்ந்தெடுத்த அறிவு யாருடையது என்பதே இங்கு வேறுபாட்டை உண்டாக்குகிறது.

நிலவும் கருத்தின் முதல் தூண், பெயர் தரத்துக்கு உறுதி என்னும் நம்பிக்கை. இந்நம்பிக்கை கணினி உருவாகும் முறையை அறியாததால் விளைந்தது. மேசைக் கணினியின் பிராசசரை, அதாவது கணக்கிடும் மையச் சில்லை, பெரும்பாலும் இன்டெல் அல்லது ஏஎம்டி தருகிறது. கிராபிக்ஸ் சில்லு என்விடியா, ஏஎம்டி, இன்டெல் ஆகிய மூன்றில் ஒன்றிடமிருந்து வருகிறது. நினைவகச் சில்லுகள் பெரும்பாலும் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்னும் மூன்று நிறுவனங்களின் ஆலைகளில் பிறக்கின்றன. பெட்டியின் மேல் பெயர் பொறித்துக்கொள்ளும் நிறுவனம் இவற்றை வாங்கிச் சேர்க்கிறது. இது புதிய செய்தியன்று. 1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் வெளியிட்ட தனிநபர் கணினியே இன்டெலின் 8088 பிராசசரையும் மைக்ரோசாஃப்ட் தந்த இயக்க முறைமையையும் கொண்டு, வெளியார் உறுப்புகளால் சேர்க்கப்பட்டதுதான். அதன் அமைப்பு திறந்ததாக இருந்ததால்தான் பிறரும் அதற்கிசைவான கணினிகளைச் செய்ய முடிந்தது; இன்றைய மேசைக் கணினி அந்த மரபில் வந்தது. 2007 முதல் ஸ்ரீபெரும்புதூரில் இயங்கிவரும் டெல் ஆலையில் நடப்பதும், சென்னை ரிச்சி தெருவின் மாடிக் கடையில் நடப்பதும் அளவாலும் ஒழுங்காலும் வேறுபட்டவையே தவிர, செயலின் இயல்பால் இரண்டும் அசெம்பிளிதான்.

தமிழ்நாட்டுக்கு இந்த உண்மை அன்னியமானதன்று. கொட்டாம்பட்டி வழியே இரவும் பகலும் ஓடும் தனியார் பேருந்துகளின் வரலாற்றைப் பார்த்தாலே போதும். பேருந்து உரிமையாளர், இயந்திரமும் அச்சும் சக்கரமும் கொண்ட அடிச்சட்டத்தை, அதாவது சேஸியை, ஒரு நிறுவனத்திடம் வாங்குகிறார். கூடு கட்டுவதற்கு அதைக் கரூருக்கு அனுப்புகிறார். இருக்கை எத்தனை, படிக்கட்டு எங்கே, சன்னல் எவ்வகை என்பதைத் தாமே சொல்லிக் கட்டச் செய்கிறார். சரக்குந்துக்கு இதே வேலை நாமக்கல்லில் நடக்கிறது. தன் பிழைப்பை நம்பிச் சாலையில் இறக்கும் வண்டியை இப்படிக் கட்டுவித்துக்கொள்பவரை எவரும் ஏமாளி என்பதில்லை. தொழில் தெரிந்தவர் என்றே மதிக்கிறார்கள். அந்த மதிப்புக்கு அடிப்படை பெயரன்று, தரமே. பேருந்துக் கூட்டுக்கு ஏஐஎஸ்-052 என்னும் விதித்தொகுப்பு இருப்பதுபோல, கணினிக்கு இன்டெல் 1995-ல் வகுத்த ஏடிஎக்ஸ் என்னும் தரம் இருக்கிறது. உறுப்புகள் செருகப்படும் தாய்ப்பலகையான மதர்போர்டின் நீள அகலம், திருகுத் துளைகளின் இடம், மின்னிணைப்பின் வடிவம் ஆகியவற்றை அத்தரம் நிர்ணயித்துவிட்டதால், ஒருவர் செய்த பலகை மற்றொருவர் செய்த பெட்டியில் பொருந்துகிறது. பேருந்தில் ஏற்றுக்கொண்ட நியாயத்தைக் கணினியில் மறுப்பதற்குக் காரணம் ஏதுமில்லை. யூரோ டிரக் சிமுலேட்டரில் தமிழ்நாட்டு அரசுப் பேருந்தின் தோற்றத்தை ஆர்வலர்கள் தாமே செய்து ஏற்றி ஓட்டும் இந்நாளில், அந்த ஆர்வலர்களுக்கு இதை மறுப்பது இன்னும் பொருந்தாது.

பெயர் நிலைக்கும் என்பதும் உறுதியன்று. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பயின்ற சிவ் நாடார் 1976-ல் தோழர்களுடன் தொடங்கிய எச்சிஎல், இந்தியாவில் கணினி என்றாலே நினைவுக்கு வரும் பெயர்களில் ஒன்றாக விளங்கியது. பின்னாளில் அது கணினித் தயாரிப்பிலிருந்தே விலகி வேறு தொழில்களில் வளர்ந்தது. நிறுவனத்தின் போக்கு அதன் உரிமை. ஆனால் வாங்கியவரின் பெட்டிக்குள் அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவில் செய்த உறுப்பு இருந்தால், நிறுவனம் விலகியபின் அதற்கு மாற்று கிடைப்பது அரிதாகிவிடும். தரத்துக்குட்பட்ட உறுப்புக்கோ, செய்தவர் போனாலும் மாற்று உண்டு.

இரண்டாவது தூண், விளையாட்டு என்றால் எல்லாம் ஒன்றுதான், ‘கேமிங்’ என்று எழுதிய பெட்டி எதுவும் எல்லா விளையாட்டுக்கும் போதும் என்பது. நிலவும் கருத்தின் மிகப் பெரிய பிழை இங்குதான் இருக்கிறது. ஆகவே இதைச் சற்று விரிவாகவே ஆராய வேண்டும். திரையில் அசைவு தோன்றுவது, ஃபிரேம் எனப்படும் நிலைப்படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து வருவதால். நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமானால் ஒவ்வொன்றையும் ஏறத்தாழ 16.7 மில்லி நொடிக்குள் முடித்தாக வேண்டும். ஒவ்வொரு ஃபிரேமிலும் இருவகை வேலை இருக்கிறது: உலகில் என்ன நடந்தது என்று கணிப்பது பிராசசரின் வேலை, நடந்ததைப் படமாகத் தீட்டுவது கிராபிக்ஸ் கார்டின் வேலை. சுடும் விளையாட்டுகள் பலவற்றில் முன்னது சிறிது, பின்னது பெரிது. சிமுலேஷனில் இந்த விகிதம் மாறிவிடுகிறது.

எக்ஸ்-பிளேனை எடுத்துக்கொண்டால், அது விமானத்தின் இறக்கையைச் சிறு சிறு துண்டுகளாகப் பகுத்து, ஒவ்வொரு துண்டின் மேலும் காற்று செலுத்தும் விசையைத் தனித்தனியே கணித்து, அவற்றைக் கூட்டி விமானம் எப்படி அசையும் என்று முடிவு செய்கிறது. இதை நொடிக்குப் பலமுறை செய்கிறது. ஐரேஸிங் காரின் சக்கரமும் தரையும் உறவாடுவதை நொடிக்கு 360 முறை கணிக்கிறது. ஒவ்வொரு கணிப்புக்கும் கிடைக்கும் அவகாசம் மூன்று மில்லி நொடியைக்கூட எட்டாது. சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸில் நகரம் வளர வளர, வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லும் குடிமக்களின் வழியைக் கணிக்கும் சுமை ஏறிக்கொண்டே போகிறது, தொடக்கத்தில் வழுவழுப்பாக ஓடிய நகரம், மக்கள்தொகை பெருகியபின் தவழத் தொடங்குவது அதனால்தான். மேலும் இக்கணிப்புகளில் பெரும்பகுதி ஒன்றன் விடையை மற்றொன்று எதிர்பார்த்து நிற்பவை. பிராசசரில் கோர் எனப்படும் கணிப்பு மையங்கள் எட்டோ பத்தோ இருந்தாலும், இந்த வரிசைச் சுமை ஒன்றிரண்டு மையங்களின் மேலேயே விழுகிறது. நடவுக்கு இருபது ஆள் இறங்கலாம். ஏற்றம் இறைக்க ஒரு கிணற்றில் இருபது ஆள் நிற்க முடியாது.

இச்சுமையைத் தாங்குவதில் கேஷ் என்னும் பகுதிக்குத் தனி இடமுண்டு. அது பிராசசருக்குள்ளேயே இருக்கும் சிறிய, மிக விரைவான நினைவகம். சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் அஞ்சறைப் பெட்டியைப் போன்றது அது. ராம் எனப்படும் பொது நினைவகம் உள்ளறையில் இருக்கும் சாமான் அலமாரியைப் போன்றது. எஸ்எஸ்டி என்னும் சேமிப்பகமோ வாரச் சந்தையைப் போன்றது. தாளிக்கும் நேரத்தில் கடுகு அஞ்சறைப் பெட்டியில் இல்லையென்றால், அலமாரிக்குப் போய்வருவதற்குள் எண்ணெய் கருகிவிடும். 2022 ஏப்ரலில் வெளிவந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி என்னும் பிராசசர், அதற்கு முந்தைய 5800எக்ஸ் கொண்டிருந்த 32 எம்பி கேஷை 96 எம்பியாக உயர்த்தியது; வேக எண்ணில் தன் உடன்பிறப்பைவிடச் சற்றுக் குறைந்திருந்தும், ஃபிளைட் சிமுலேட்டர் போன்றவற்றில் அதைத் தெளிவாக முந்தியது. சிமுலேஷன் வட்டாரத்தில் இவ்வகைப் பிராசசர்கள் பெற்ற மதிப்புக்குக் காரணம் விளம்பரமன்று, இந்த அஞ்சறைப் பெட்டிதான்.

நினைவகத்திலும் இதே கதை. 2024 நவம்பர் 19 அன்று வெளியான மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2024, குறைந்த அளவு 16 ஜிபி என்றும், பரிந்துரைக்கும் அளவு 32 ஜிபி என்றும், சிறந்த அளவு 64 ஜிபி என்றும் அறிவித்தது. அளவோடு அமைப்பும் முக்கியம். 16 ஜிபியை ஒரே பட்டையாகச் செருகுவதற்கும் 8 ஜிபி பட்டைகள் இரண்டாகச் செருகுவதற்கும் உள்ள வேறுபாடு, ஒருவழிப் பாதைக்கும் இருவழிப் பாதைக்கும் உள்ள வேறுபாடாகும்: டிடிஆர்4-3200 வகையில் ஒரு பட்டை நொடிக்கு 25.6 ஜிபி தரவைக் கடத்தும். இணையாக இரண்டு இருந்தால் 51.2 ஜிபி. வாங்குபவர் பார்க்கும் விவரச்சீட்டில் இரண்டுமே ‘16 ஜிபி ராம்’ என்றே அச்சிடப்படும்.

பெட்டியில் அடைத்து விற்கப்படும் ‘கேமிங்’ கணினியின் பிழை இங்கே புலனாகிறது. அது விவரச்சீட்டில் கண்ணைக் கவரும் எண்ணுக்காகச் செய்யப்படுவது. கிராபிக்ஸ் கார்டின் பெயர் பெரிய எழுத்தில் வரும்; எழுத்தில் வராதவை மெலிந்துபோகும். ஒற்றை ராம் பட்டை, கேஷ் குறைந்த பிராசசர், பின்னால் நாலைந்து யூஎஸ்பி துளைகளே கொண்ட மதர்போர்டு, எதிர்கால உயர்வுக்கு இடந்தராத மின்வழங்கி ஆகியவை இவ்வகைப் பெட்டிகளில் அடிக்கடி காணப்படுபவை. ஸ்டியரிங், பெடல், கியர்த் தண்டு, விமானத்தின் திராட்டில், பறக்கும் கைப்பிடி, தலையசைவைத் தொடரும் கருவி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு துளை கேட்கும் சிமுலேஷன் ஆர்வலருக்கு, யூஎஸ்பி துளையின் எண்ணிக்கைகூட உயிர்நிலையான கேள்வி. அத்தனை பேருக்கும் பொதுவாகச் செய்த சட்டை இவருடைய தோளுக்குப் பொருந்தாது. 80,000 ரூபாய் கையில் உள்ளவர் தானே தேர்ந்தால், கிராபிக்ஸ் கார்டில் ஒரு படி இறங்கிப் பிராசசரிலும் நினைவகத்திலும் ஒரு படி ஏற முடியும். அந்த ஒரு படியே சிமுலேஷனில் திக்கலுக்கும் சீரான ஓட்டத்துக்கும் இடையிலுள்ள தொலைவு. பெட்டியாக வாங்குபவருக்கு இந்தப் பேரத்தை நடத்தும் உரிமையே இல்லை.

மூன்றாவதாக, நிலவும் கருத்து ஊரைக் கணக்கில் எடுப்பதாகச் சொல்லிக்கொண்டு ஊரின் இயல்பையே மறந்துவிடுகிறது. மதுரைச் சமவெளியில் கோடை வெயில் 40 டிகிரியைத் தொடுவது வழக்கமான நிகழ்ச்சி. பிராசசரிலிருந்து வெப்பம் வெளியேறும் அளவு, சில்லின் சூட்டுக்கும் சுற்றியுள்ள காற்றின் சூட்டுக்கும் இடையிலான வேறுபாட்டைப் பொறுத்தது. ரைசன் 7 7800எக்ஸ்3டி என்னும் பிராசசருக்கு விதித்த உச்ச வரம்பு 89 டிகிரி. குளிரூட்டிய அறையில் காற்று 25 டிகிரியாக இருந்தால் வேறுபாடு 64. கொட்டாம்பட்டியில் மே மாத அறையில் அது 40 ஆக இருந்தால் வேறுபாடு 49. அதே விசிறி, அதே வேகத்தில் சுழன்றும், ஏறத்தாழக் கால் பங்கு குறைவான வெப்பத்தையே வெளியேற்றும். விளையாட்டு அரை மணியில் முடிந்துவிட்டால் இது பொருட்டன்று. சென்னையிலிருந்து துபாய்க்குப் பறக்கும் சிமுலேஷன் ஆர்வலரின் கணினியோ உண்மையான பயண நேரம் முழுவதும் சுமையோடு நிற்கிறது. முகப்பில் கண்ணாடியோ மூடிய தகடோ வைத்து அழகுக்காகச் செய்த பெட்டி இத்தகைய அறைக்கு ஏற்றதன்று. வலைமுகப்பும், கழற்றிக் கழுவக்கூடிய தூசிச் சல்லடையும், பெரிய வெப்பத் தகடும் கொண்ட பெட்டியை இவ்வூர்க்காரர் தேர்ந்தாக வேண்டும். நெடுஞ்சாலைப் புழுதி ஒருபுறம்; கயிற்றுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற சிங்கம்புணரி வட்டாரத்தை ஒட்டிய பகுதிகளில் தென்னை நார்த் தூசி மறுபுறம். தூசி படிந்த விசிறி, காற்றில்லாத விசிறிக்குச் சமம்.

மின்சாரத்தைப் பற்றியும் இதையே சொல்ல வேண்டும். எஸ்எம்பிஎஸ் என்று கடைகளில் அழைக்கப்படும் மின்வழங்கி, வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை வாங்கிக் கணினிக்கு வேண்டிய 12 வோல்ட் முதலிய நேர்மின்னோட்டமாக்கித் தருவது. பம்புசெட்டுகள் ஒருங்கே ஓடும் நேரத்தில் அழுத்தம் தாழ்வதும், அவை நின்றதும் ஏறுவதும் கிராமப்புற மின்பாதைகளில் தெரிந்த ஒன்று. ஆகவே நகரத்தில் சிக்கனம் பார்க்கலாம் என்று எவரேனும் சொல்லக்கூடிய இந்த ஓர் உறுப்பில், இவ்வூர்க்காரர் சிக்கனம் பார்க்கவே கூடாது. யூபிஎஸ் தெரிவும் அப்படியே. கணினியோடு பழக்கத்தில் வாங்கப்படும் 600 விஏ யூபிஎஸ் பொதுவாக 360 வாட் வரையே தாங்கும். 120 வாட் வகுப்புப் பிராசசரும் 200 வாட் கிராபிக்ஸ் கார்டும் திரையும் பிறவும் சேர்ந்தால் அந்த எல்லை கடந்துவிடுகிறது. மின்சாரம் போன கணமே யூபிஎஸ்ஸும் கணினியும் சேர்ந்து அணையும். மூன்றாம் ஊசிக்கு முறையான எர்த் இல்லாத வீட்டில், எந்தப் பெயர் பொறித்த பெட்டியானாலும் அதன் உலோகத்தைத் தொட்டால் சுரீரென்று உறுத்தும். இவையெல்லாம் உறுப்பைத் தனித்தனியே எண்ணிப் பார்ப்பவருக்குத் தாமாகவே எழும் கேள்விகள். பெட்டியாக வாங்குபவருக்கு எழவே வாய்ப்பில்லாத கேள்விகள்.

நான்காவது தூண்தான் மக்களை மிகுதியும் கட்டிவைப்பது: ‘பழுதுபட்டால் யார் வருவார்கள்?’ என்னும் அச்சம். இந்த அச்சம் நியாயமானது. இதிலிருந்து பெறப்படும் முடிவுதான் நியாயமற்றது. நிறுவனக் கணினிக்கு வீட்டுக்கு வந்து பார்க்கும் வாரண்டி பெரும்பாலும் ஓராண்டு. அதற்குமேல் தனிக் கட்டணம். பெட்டியில் அடைத்து வரும் பிராசசருக்கும், மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு ஆகியவற்றுக்கும் தனித்தனியே வாங்கும்போது பொதுவாக மூன்றாண்டு. நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஐந்து முதல் பத்தாண்டு வரையும் உண்டு. அதைவிட முக்கியமானது, வாரண்டி முடிந்தபின் நடப்பது. நிறுவனக் கணினிகள் பலவற்றில் மதர்போர்டின் வடிவமும் எஸ்எம்பிஎஸ்ஸின் இணைப்பும் அந்நிறுவனத்துக்கே உரிய தனி அமைப்பாக இருக்கின்றன. ஐந்தாம் ஆண்டில் அந்த எஸ்எம்பிஎஸ் எரிந்துபோனால், மதுரைக் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் எதுவும் அதற்குப் பொருந்தாது. உறுப்பு எங்கிருந்தோ வரும்வரை கணினி மூலையில் கிடக்க வேண்டியதுதான். ஏடிஎக்ஸ் தரத்தில் கட்டிய கணினியில் அதே பழுது நேர்ந்தால், காலைப் பேருந்தில் மதுரைக்குச் சென்று, செருப்புப் பெட்டி அளவிலான ஒரு பொருளை வாங்கிவந்து, மாலையில் விமானத்தைக் கிளப்பிவிடலாம். சர்வீஸ் சென்டர் தொலைவில் இருக்கிறது என்பது பொதுத்தர உறுப்புகளை நாடுவதற்கான காரணமே அன்றி, அவற்றைத் தவிர்ப்பதற்கான காரணமன்று. தொலைவு கூடக் கூட, எங்கும் கிடைக்கும் உறுப்பின் மதிப்பும் கூடுகிறது.

பழுதுபார்க்கும் உரிமை இன்று தனி ஆர்வலர்களின் கோரிக்கையாக மட்டும் இல்லை. இந்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் அதற்கென ஒரு குழுவை அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் அதற்கான இணைய வாயிலும் தொடங்கப்பட்டது. தான் வாங்கிய பொருளைத் தானோ தான் விரும்பியவரோ திறந்து சரிசெய்ய இயல வேண்டும் என்னும் கொள்கைக்கு, தரத்துக்குட்பட்ட மேசைக் கணினியைவிட நல்ல எடுத்துக்காட்டு அரிது. அதைக் கைவிட்டு மூடிய பெட்டியை வாங்குவது, இருக்கும் உரிமையைக் காசு கொடுத்துத் துறப்பதாகும்.

இங்கு எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்றுண்டு. உறுப்புகள் பல இடங்களில் வாங்கப்பட்டால், பழுது நேரும்போது ராம் விற்றவர் மதர்போர்டைக் குறை சொல்வார், மதர்போர்டு விற்றவர் எஸ்எம்பிஎஸ்ஸைக் குறை சொல்வார். வாங்கியவர் நடுவில் அலைவார் என்பது அது. இது உண்மை. ஆனால் இதற்குத் தீர்வு எளிது: உறுப்புகள் அனைத்தையும் ஒரே கடையில், ஒவ்வொன்றின் மாதிரி எண்ணும் வரிசை எண்ணும் குறித்த ஒரே ஜிஎஸ்டி பில்லில் வாங்குவதும், உறையின்றிச் சில்லறையாக வரும் ‘டிரே’ பிராசசரைத் தவிர்ப்பதும், சேர்த்து முடித்த கணினியைக் கடையிலேயே ஓரிரு மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டிக் காட்டச் சொல்வதும் போதும். கணினிக்கும் அதன் உறுப்புகளுக்கும் ஜிஎஸ்டி ஒரே 18 விழுக்காடு என்பதால், பில் வாங்காமல் இருப்பதற்கு நேர்மையான காரணம் எதுவுமில்லை. பில் கையில் இருந்தால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே முறையிடலாம். கடை சென்னையில் இருந்தாலும் வழக்கு மதுரையில் நடக்கும்.

விலையைப் பற்றிய வாதத்தில் இருதரப்பாரும் மிகைப்படுத்துகிறார்கள். சுயமாகக் கட்டுவது எப்போதும் மலிவு என்பது உண்மையன்று. 2020-ன் இறுதியிலிருந்து 2022 வரை, பெருந்தொற்றுக் காலத் தட்டுப்பாடும் மின்னாணயம் தோண்டுவோரின் தேவையும் சேர்ந்து கிராபிக்ஸ் கார்டுகளின் விலையை ஏற்றியபோது, முழுக் கணினியாக வாங்குவதே சில நேரங்களில் மலிவாக இருந்தது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் தோண்டும் முறையையே கைவிட்ட காலத்தையொட்டித்தான் சந்தை தணிந்தது. 2025-ன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் நினைவக விலை கடுமையாக ஏறியது. பழைய இருப்பில் செய்த முழுக் கணினிகள் அப்போதும் சிலருக்கு ஆதாயமாயின. விண்டோஸ் உரிமம் நிறுவனக் கணினியில் அடங்கியிருக்க, கட்டுபவர் பலர் அச்செலவைக் கணக்கில் சேர்க்காமல் ‘மலிவு’ என்று பேசுவது கண்டிக்கத்தக்கதே. எக்ஸ்-பிளேனும் யூரோ டிரக் சிமுலேட்டர் 2-உம் லினக்ஸிலேயே ஓடுவதால் அவற்றோடு நிறைவடைபவர் அச்செலவைத் தவிர்க்கலாம். மைக்ரோசாஃப்ட்டின் விமானம் வேண்டுபவர் உரிமத்துக்குப் பணம் ஒதுக்கியாக வேண்டும்.

ஆனால் வாங்கும் நாளின் விலையை மட்டும் ஒப்பிடுவது, கன்றின் விலையைக் கேட்டுவிட்டுப் பசுவின் ஆயுளை மறப்பது போன்றது. சிமுலேஷன் விளையாட்டுகள் நெடுநாள் வாழ்பவை. 2012-ல் வந்த யூரோ டிரக் சிமுலேட்டர் 2 இன்றும் புதிய நிலப்பகுதிகளைச் சேர்த்துக்கொண்டு ஓடுகிறது. எக்ஸ்-பிளேனின் மரபு 1995-ல் தொடங்கியது. ஆட்டம் பத்தாண்டு நீடிக்கும்போது கணினியும் படிப்படியாக வளர முடிய வேண்டும். 2017-ல் வந்த ஏஎம்4 வகை மதர்போர்டுகள் பலவற்றில், பயாஸ் எனப்படும் அடிப்படை நிரலைப் புதுப்பித்தபின், மேலே சொன்ன 5800எக்ஸ்3டி பிராசசரை ஐந்தாண்டு கழித்துப் பொருத்த முடிந்தது. பலகையும் பெட்டியும் எஸ்எம்பிஎஸ்ஸும் மாறாமல், ஒரே உறுப்பின் செலவில் கணினி இளமை பெற்றது. தனக்கே உரிய பலகையும், நிறுவனம் தந்தாலன்றிப் புதுப்பிக்க முடியாத பயாஸும் கொண்ட கணினியில் இத்தகைய வளர்ச்சியை நம்ப முடியாது. அலுவலகங்கள் கழித்துவிட்ட சிறிய நிறுவனக் கணினிகளை மலிவாக வாங்கிக் கிராபிக்ஸ் கார்டு சேர்க்க முயல்பவர்கள் முட்டிக்கொள்ளும் சுவரும் இதுவே: பெட்டியில் இடமில்லை, எஸ்எம்பிஎஸ்ஸில் வாட் இல்லை, மாற்றவும் வழியில்லை.

எதிர்முனையில் நிற்கும் ஆர்வலர் சிலரின் கருத்தையும் ஏற்பதற்கில்லை. தானே திருகு முடுக்காதவன் கணினிக்குத் தகுதியற்றவன் என்பது போன்ற அவர்களுடைய தொனி, ஊர்ப்பெற்றோரை அஞ்சவைத்து நிறுவனப் பெட்டியின் பக்கமே தள்ளுகிறது. பிராசசருக்கும் வெப்பத் தகட்டுக்கும் இடையில் தெர்மல் பேஸ்ட் தடவும் கைத்திறன் பழகினால் வரும். அதைக் கடைக்காரர் செய்தாலும் குறைவில்லை. அதேபோல், படிப்புக்கும் அலுவலுக்கும் வாங்கி இடையே சிறிது நேரம் சரக்குந்து ஓட்டுபவரும், உறுப்புகளைப் பற்றி ஒருநாளும் எண்ண விரும்பாதவரும் நிறுவனக் கணினி வாங்குவதில் தவறில்லை. மறுக்கப்படுவது அவர்களுடைய தெரிவன்று. அந்தத் தெரிவே ஊராருக்கு உகந்த ஒரே வழி என்னும் பொதுவிதி.

கொட்டாம்பட்டி வட்டாரத்து உழவர் கிணற்றுக்கு மோட்டார் வாங்கும் முறையில் இந்தக் கேள்விக்கான விடை எப்போதோ சொல்லப்பட்டுவிட்டது. கிணற்றின் ஆழம் எவ்வளவு, தண்ணீர் ஏற வேண்டிய உயரம் எவ்வளவு, குழாய் எத்தனை அங்குலம், பாதையில் மின்சாரம் எப்படி வருகிறது என்று பார்த்தே அவர் குதிரைத்திறனை முடிவு செய்கிறார். காயில் எரிந்தால் மேலூரில் கட்டித் தருவார்களா என்பதையும் வாங்கும்போதே கேட்டுக்கொள்கிறார். மோட்டாரின் மேல் ஒட்டிய பெயரை அவர் மதிக்காமல் இல்லை; ஆனால் தன் கிணற்றை அறிந்தபின்னரே அப்பெயரைப் பார்க்கிறார். அதே வீட்டுப் பிள்ளைக்குக் கணினி வாங்கும்போது மட்டும் அந்த அறிவை வாசலிலேயே இறக்கிவைத்துவிட்டு, பெயரை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லப்படுகிறது. அவ்வாறு சொல்வது அவருடைய நன்மைக்கான அறிவுரை ஆகாது. எந்த ஆட்டம், எந்த அறை, எந்த மின்பாதை, எத்தனை ஆண்டு என்னும் நான்கு கேள்விகளுக்கு விடை எழுதி, அந்த விடைகளுக்கேற்ப உறுப்புகளின் பட்டியலொன்றைத் தயாரித்து எடுத்துச்செல்பவர், மதுரைக் கடையில் யார் கையால் அதைச் சேர்ப்பித்தாலும், தனக்கானதைத் தானே கட்டியவராகிறார். அந்தப் பட்டியல் வீட்டில் இருக்கும்வரை, பத்தாண்டுக்குப் பின் எந்த உறுப்பு ஓய்ந்தாலும், அதன் இடத்தில் எது வர வேண்டும் என்பது கொட்டாம்பட்டியில் இருந்தபடியே தெரியும்.